மழையைச் சொல்லும் விளக்குப் பலகை



நம் இளைஞர் செய்யப் பழகும் எல்.ஈ.டி. புள்ளிப் பலகை ஒன்றில் 64 விளக்குகள். கால்களோ 16 தான். ஒரு நேரத்தில் ஒரு வரிசையே எரியும். வரிசைகள் விரைந்து மாறுவதால் நம் கண்ணுக்கு முழு எழுத்தும் தெரிகிறது. ஆங்கில எழுத்துக்கு 7 புள்ளி உயரம் போதும். 'மழை' என்று எழுதிப் பாருங்கள். ழகரத்தின் சுழியும் வாலும் 8 புள்ளிக்குள் செவ்வையாக அடங்கமாட்டா. பலகைகளை இரண்டடுக்காகப் பொருத்த வேண்டும். செலவு கூடும், கூடட்டும்.

2016 மே 17 இல் சாமசர மலை சரிந்ததை அரநாயக்கவில் யார் மறப்பார்? 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழையென்றால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேற்றம்: இது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. மழைமானியோடு இணைத்து, லயத்து வாசலில் அதைத் தமிழில் காட்டும் பலகையையே நாம் செய்ய எண்ணுகிறோம்.