குற்றவாளி குழந்தையா? கம்பெனியா?



இளம் பிள்ளைகளின் மனம் கெடுவதற்குக் "கலிகாலம்" என்று சொல்லிவிட்டால் யோசிக்கும் வேலை மிச்சம். ஆனால் காரணமின்றிக் காரியம் உண்டா?

இங்கிலாந்தில் 2017-இல் மனச்சோர்வுற்ற 14 வயதுச் சிறுமி ஒருத்தி மாண்டாள். சமூக வலைத்தளங்களில் அவள் கண்டவையும் அச்சாவுக்குக் காரணமென்று 2022-இல் மரண விசாரணை அதிகாரி முடிவு கூறினார். அவற்றில் சிலவற்றை அவள் தேடிப் போகவில்லை. அல்காரிதம் என்னும் கம்பெனிக் கணக்கே கொண்டுவந்து காட்டிற்று. ஏன்? பார்க்கப் பார்க்க விளம்பரம், விளம்பரத்தால் லாபம்!

ஆஸ்திரேலிய சர்க்கார் 2024-இல் ஒரு சட்டம் செய்தது. 16 வயதுக்குட்பட்டோர் கணக்கு வைத்திராதபடி தடுக்கும் பொறுப்பு, 2025 டிசம்பர் 10 முதல் கம்பெனிகளுடையது. தவறினால் 4 கோடியே 95 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனையில்லை. இது நியாயமேயாகும்.

நிற்க, 16 வயது நிறைந்தவுடன் அதே அல்காரிதம் பிள்ளையை விழுங்கலாமென்றால் அது என்ன பாதுகாப்பு? வயதுக்கு வேலி போட்டால் மாத்திரம் போதாது. இயந்திரத்தையே திருத்தச் சட்டம் வேண்டும். அதைக் கேட்கத் துணியாதவர்களுக்குப் பிள்ளைகளைத் திட்ட யோக்கியதை ஏது?