மதுவும் மூளையின் உணவும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மதுவைப் பற்றிப் பேசுவோர் அறத்தை எடுத்துரைப்பது வழக்கம். வள்ளுவப் பெருந்தகை கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அந்த அறம் நாம் அறிந்தது. குடி மூளையின் உணவையே மாற்றிவிடுகின்றது என்னும் உடல்நூல் உண்மையை இன்று கூற விழைகின்றேன்.

நம் தீவகத்துப் பனையே இதற்குப் பாடம். முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசிப் பாளையிற் கட்டினால் கருப்பநீர் கிடைக்கின்றது; காய்ச்சினால் பனங்கட்டி. சுண்ணாம்பு இல்லையேல் நுண்ணுயிர்கள் அச்சர்க்கரையை உண்டு அற்ககோலாக்கிவிடும், அதுவே கள். மரமும் ஒன்று, பாளையும் ஒன்று, பயனோ வேறு.

மூளை உடல் நிறையில் நூற்றுக்கு 2 பங்குதான். ஆனால், ஓய்ந்திருக்கும் உடல் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய 20 பங்கு அதற்கே வேண்டும். குளுக்கோசு என்னும் சர்க்கரையே அதன் முதன்மையான எரிபொருள். குடித்த மதுவை ஈரல் சிதைத்து அசற்றேற்று என்னும் பொருளாக்குகின்றது. அது இரத்தத்தோடு மூளையை அடைகின்றது. போதையுற்ற மூளை குளுக்கோசைக் குறைத்து அசற்றேற்றைக் கூடுதலாக எடுக்கின்றது என்று நோரா வொல்கோ முதலிய அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2013இல் காட்டினர். பெருங்குடியரிடம் இம்மாற்றம் மிகுதி. குடியை விட்டவுடன் எழும் ஏக்கத்துக்கு, பழகிய எரிபொருள் நின்றுபோவதும் ஒரு காரணமாகலாம் என அறிஞர் கருதுகின்றனர்.

இன்னொரு கேடும் உண்டு. குளுக்கோசை எரிக்கத் தயமின் என்னும் விற்றமின் பீ1 இன்றியமையாதது. தவிடு நீக்காத அரிசியிலும் புழுங்கலரிசியிலும் அது உண்டு. குடிப்பவர் சோற்றைக் குறைக்கின்றார். உண்டதிலுள்ள தயமினையும் குடல் சரியாக உறிஞ்சுவதில்லை. அதனால் மனக்குழப்பம், கண்ணசைவில் தடுமாற்றம், நடைத் தள்ளாட்டம் தோன்றலாம். இதனை 1881இல் ஜெர்மானியரான வேர்ணிக்கே விவரித்தார். உடன் மருந்து கொடாவிடில், நினைவே அழியும் கோர்சக்கோவ் நோயாக அது முற்றிவிடக்கூடும்.

இளைஞர்களே, இங்கேதான் உங்கள் கடமை தொடங்குகின்றது. நாட்பட்டுக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைந்நடுக்கம், வியர்வை, வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாததைக் காண்பதும் பிதற்றுவதும் நேரலாம். பேய் பிடித்ததென்று அறையிற் பூட்டாதீர்கள். “கொஞ்சம் குடித்தாற் சரியாகும்” என்று ஊற்றியும் கொடுக்காதீர்கள். அது உயிராபத்தான நிலை. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குக் கடலைக் கடக்கவே ஏறக்குறைய ஒரு மணி நேரமாகும். இரவில் நிலைமை முற்றும்வரை காத்திருத்தல் தகாது. முதல் நடுக்கத்திலேயே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். குடியை விட நினைப்பவரை, விடுமுன்னரே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். குடியர் என்பதை மறைக்காமற் சொல்லுங்கள். அறிந்தாற்றான் வைத்தியர் தயமினை ஊசி வழியாக முந்திக் கொடுப்பார். தயமின் குறைந்த உடலில் குளுக்கோசை மட்டும் ஏற்றினால் நோய் கடுமையாகலாம்.

பெரியோர்களே, குடியைக் கண்டியுங்கள், குடித்தவரைத் தள்ளிவிடாதீர்கள். மரமேறி உழைப்பவர் மீதும் பழி வேண்டாம். அவர் இறக்கும் கருப்பநீருக்கும் பனங்கட்டிக்கும் நல்ல விலை கொடுப்போம். குடியை விட்ட மூளை வாரக்கணக்கில் மெல்லத் தேறி, குளுக்கோசை மீண்டும் பயன்படுத்தப் பழகுகின்றது. அந்த வாரங்களில் அவருக்கு வேண்டியவை மருந்தும், வேளைக்குச் சோறும், பக்கத்தில் ஒரு நண்பனும். முதலாவதை வைத்தியசாலை தரும். மற்ற இரண்டையும் நம் சங்கம் தரட்டும்.

நயினை நாகபூஷணி அம்பாள் துணை நிற்க.