படபடப்பும் சுரப்பிக் கட்டியும்

1886ஆம் ஆண்டில், ஜேர்மனியின் பிரைபேர்க் நகரிலே 18 வயது நங்கையொருத்தி, அடிக்கடி தோன்றிய நெஞ்சுப் படபடப்பாலும் தலைவலியாலும் வருந்தி இறந்தாள். இரு அதிரினற் சுரப்பிகளிலும் கட்டிகள் இருந்தமை, இறந்தபின் உடலைச் சோதித்தபோதே புலனாயிற்று.

சிறுநீரகங்களின் மேலமைந்த இச்சுரப்பிகள், ஆபத்து வேளையில் உடலை ஆயத்தஞ் செய்யும் அதிரினலினைச் சுரப்பவை. 'பியோகுரோமோசைற்றோமா' எனும் இவ்வரிய கட்டியோ, ஆபத்தின்றியே அதனைப் பெருக்கும். குருதியமுக்கம் ஏறும்; தலை இடிக்கும்; வியர்வை பெருகும்; முகம் வெளிறும். சிறிது நேரத்தில் யாவும் தணிதலால், வெறும் மனப்பதற்றமென்று பிறர் எண்ணிவிடுதலும் உண்டு.

இன்று குருதிச் சோதனையோ சிறுநீர்ச் சோதனையோ உண்மையை உணர்த்தும். மருந்தினாற் குருதியமுக்கத்தை முன்னர் அடக்கிய பின்னரே கட்டியை அகற்றுவர், பெரும்பாலோர் நலமடைவர்.

அந்நங்கையின் குடும்ப வழியினரிடம் இந்நோய்க்குரிய பரம்பரையலகு மாற்றம் இருந்தமையை, 2007இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. ஆதலின், ஒருவரிடம் இக்கட்டி காணப்படின், உறவினரும் சோதனை பெறவேண்டுமோவென வைத்தியரை வினவுதல் நன்று.