கூண்டு ஏற்றிய மறுநாள்



கடலோர ஊர்களில் வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு வாசகம் மனப்பாடமாக இருக்கும். இன்ன துறைமுகத்தில் இன்ன எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது. அந்த எண் காதில் விழுந்ததுமே கரை பரபரப்பாகிவிடும். படகுகளை மேட்டுக்கு இழுப்பார்கள். வலையையும் எஞ்சினையும் வீட்டுக்குத் தூக்கிப் போவார்கள். அதற்குப் பிறகும் ஒருவர் படகை இறக்கப் போனால் வீட்டார் விடமாட்டார்கள், அக்கம்பக்கம் விடாது. கூண்டு ஏறினால் மறுநாள் தொழில் இல்லை. அதன் பொருள் அதுதான்.

இன்று நான் பேச வந்தது இன்னொரு கூண்டைப் பற்றி. உலகெங்கும் நகர மன்றங்களும் நாடாளுமன்றங்களும் 'காலநிலை அவசரநிலை' என்று தீர்மானம் போட்டு வருகின்றன. சுமார் 40 நாடுகளில் 2,000க்கும் மேற்பட்ட அமைப்புகள் இப்படி அறிவித்துவிட்டன. அவசரநிலை என்றதும் நம்மில் மூத்தவர்களுக்கு 1975ஆம் ஆண்டும், பத்திரிகைத் தணிக்கையும், சிறையும் நினைவுக்கு வரும். அந்த அச்சம் இங்கே வேண்டாம். இந்தத் தீர்மானத்தால் யாருடைய உரிமையும் பறிபோவதில்லை. யாருக்கும் புது அதிகாரம் வருவதும் இல்லை. அதனால்தான் இதை உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் இதைச் செய்தது ஒரு வல்லரசு இல்லை. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகருக்கு வடக்கே டேரபின் என்றொரு உள்ளாட்சி. சாலை, குப்பை, நூலகம், பூங்கா, இவைதான் அதன் அன்றாடக் கவலைகள். அந்த மன்றம் 2016 டிசம்பர் 5 அன்று காலநிலை அவசரநிலையை அறிவித்தது. அப்போது அதைக் கவனித்தவர்கள் குறைவு.

காற்று திரும்பியது 2018 அக்டோபரில். உலக வெப்பம் 1.5 டிகிரியைத் தாண்டாமல் இருக்க வேண்டுமானால், 2010இல் இருந்த கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறக்குறைய 45 விழுக்காட்டை 2030க்குள் குறைத்தாக வேண்டும் என்று ஐ.நா.வின் அறிவியல் குழு அறிக்கை கொடுத்தது. அடுத்த மாதமே இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மன்றத்தில் கார்லா டெனியர் என்ற பசுமைக் கட்சிக் கவுன்சிலர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். காற்றாலைத் துறையில் பொறியாளராக வேலை செய்தவர். கார்பன் சமநிலைக்கு நகரம் வைத்திருந்த கெடு 2050. அதை 2030க்கு இழுத்தது அந்தத் தீர்மானம். கட்சி வேறுபாடின்றி எல்லோரும் ஆதரித்தார்கள். ஆறு மாதம்கூட ஆகவில்லை, 2019 மே 1 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றமே அதே சொல்லைச் சொன்னது. சில நாட்களில் அயர்லாந்தும் சேர்ந்துகொண்டது. அந்த ஆண்டின் சொல்லாக ஆக்ஸ்போர்டு அகராதி தேர்ந்தெடுத்ததும் 'காலநிலை அவசரநிலை' என்பதைத்தான்.

இனி கனடாவுக்கு வருவோம். 2019 ஜூன் 17 அன்று கனடாவின் மக்களவை 186க்கு 63 என்ற வாக்கில் தேசிய காலநிலை அவசரநிலையை அறிவித்தது. மறுநாள், ஜூன் 18 அன்று, அதே அரசின் அமைச்சரவை டிரான்ஸ் மவுண்டன் எண்ணெய்க் குழாயை விரிவாக்க ஒப்புதல் கொடுத்தது. ஆல்பர்ட்டாவிலிருந்து பசிபிக் கரைக்கு நாளொன்றுக்கு 3 லட்சம் பீப்பாய் கொண்டுபோன குழாயை 8 லட்சத்து 90 ஆயிரம் பீப்பாய் கொண்டுபோகும்படி பெரிதாக்குவதுதான் திட்டம். அந்தக் குழாயின் உரிமையாளரும் அரசுதான். முந்தைய ஆண்டு 450 கோடி கனடிய டாலருக்கு வாங்கியிருந்தது. கூண்டை ஏற்றிய கையே மறுநாள் படகையும் இறக்கியது. இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். பிரிஸ்டல் விமான நிலையம் பெயரில்தான் பிரிஸ்டல். அது இருப்பது பக்கத்திலுள்ள நார்த் சோமர்செட் மன்றத்தின் எல்லைக்குள். ஆண்டுக்கு 1 கோடிப் பயணிகள் என்ற வரம்பை 1 கோடியே 20 லட்சமாக உயர்த்த நிர்வாகம் அனுமதி கேட்டது. கோப்பு மன்றத்தில் இருக்கும்போதே, 2019 பிப்ரவரியில், நார்த் சோமர்செட் அவசரநிலையை அறிவித்தது. ஓராண்டு கழித்து விண்ணப்பம் விவாதத்துக்கு வந்தது. அனுமதிக்கலாம் என்றார்கள் மன்றத்தின் அதிகாரிகள். கவுன்சிலர்கள் கேட்கவில்லை. 18 பேர் எதிர்த்தார்கள், 7 பேர் ஆதரித்தார்கள், விண்ணப்பம் தள்ளுபடியானது. வேலைவாய்ப்பு, வணிகம் என்று எத்தனையோ ஆசை காட்டப்பட்ட இடத்தில் ஒரு சிறு மன்றம் தன் சொல்லை நினைவில் வைத்திருந்தது.

நிர்வாகம் மேல்முறையீட்டுக்குப் போனது. 2021இல் வாரக்கணக்கில் பொது விசாரணை நடந்தது. 2022 பிப்ரவரியில் அரசு நியமித்த மூன்று திட்ட ஆய்வாளர்கள் மன்றத்தின் முடிவை ரத்து செய்து அனுமதி கொடுத்தார்கள். விமானங்கள் கக்கும் புகையைக் கட்டுப்படுத்துவது தேசிய அரசின் வேலை, இந்த ஒரு நிலையத்தின் கூடுதல் புகையால் நாட்டின் இலக்கு குலைந்துவிடாது என்பது அவர்கள் வாதம். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றமும் அந்த முடிவு செல்லும் என்றது.

சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் எந்தத் தேசிய அரசைக் கைகாட்டினார்களோ, அந்த நாட்டின் நாடாளுமன்றமும் 2019இல் அதே கூண்டை ஏற்றியதுதானே! 2050க்குள் வெளியேற்றத்தை நிகரச் சுழியமாக்குவோம் என்று சட்டத்தையும் திருத்தியதுதானே! ஒவ்வொரு விமான நிலையமும் 'என் பங்கு சிறிது' என்று சொல்லி வளர்ந்துகொண்டே போனால் மொத்தக் கணக்கை யார் பார்ப்பது? தடுக்க மனம் இருந்த மன்றத்துக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் இருந்த இடத்தில் மனம் இல்லை.

ஏற்றிய கூண்டை இறக்கியவர்களும் உண்டு. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் நிலக்கரியால் வாழ்ந்த டர்ஹாம் மாவட்டத்தின் மன்றம், ஆட்சி மாறியபின், 2025 ஜூலையில் தன் பழைய அறிவிப்பை ரத்து செய்து, அதற்குப் பதிலாகப் பராமரிப்பு அவசரநிலையை அறிவித்தது. கவனிப்பாரின்றித் தவிப்பவர்களுக்காக ஒரு மன்றம் கவலைப்படுவதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் 2022 கோடையில் இங்கிலாந்தில் வெயில் முதல்முறையாக 40 டிகிரியைத் தாண்டியது. அந்த ஆண்டு வெப்ப அலை நாட்களில் வழக்கத்தைவிடக் கூடுதலாக இறந்த 65 வயதுக்கு மேற்பட்டோர் சுமார் 2,800 பேர். முதியோர் பராமரிப்பையும் வெயிலையும் இரண்டு தனிக் கோப்புகளில் எப்படி வைப்பது?

டேரபின் மன்றம் அவை இரண்டையும் ஒரே கோப்பில்தான் வைத்திருந்தது. அவசரநிலையை அறிவிப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 2014இல், அது ஒரு வேலையைத் தொடங்கியிருந்தது. ஓய்வூதியத்தை நம்பி வாழும் முதியவர்களின் வீட்டுக் கூரையில் சூரிய மின்தகடுகளை மன்றமே முதலில் தன் செலவில் பொருத்திக் கொடுத்தது. அந்தத் தொகையை அவர்கள் வீட்டு வரியோடு சேர்த்து, வட்டியில்லாமல், 10 ஆண்டுகளில் கட்டினால் போதும். அறிவிப்புக்குப் பிறகு அந்தத் திட்டம் இன்னும் பல வீடுகளுக்குப் போனது. முதன்முதலில் சேர்ந்தவர்களின் தவணைக் காலம் இப்போது முடிந்திருக்கும். இனி அந்தக் கூரைகளில் விழும் வெயில் முழுக்க அந்த வீட்டுக்காரர்களுடையது.