உறங்கிவிட்டவரிடம் சொல்லவந்த சொல்



நம் வட்டத்தின் தொடக்க நாள்களில் ஒரு கூட்டத்தில், ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் 'பான்ஷூன்' (1949) படத்தைக் குறித்துப் பேசினேன். 'பின்வசந்தம்' என்று தமிழில் சொல்லலாம். அதில் வரும் ஜாடிக் காட்சிக்கு நான் அன்று தந்த விளக்கம் பிழையென்று இப்போது தோன்றுகிறது. அதைத் திருத்திக்கொள்ளவே இங்கு நிற்கிறேன்.

மனைவியை இழந்த பேராசிரியர் சோமியா. மணம் செய்துகொள்ளாமல் அவரைப் பேணிவரும் மகள் நொரிகோ. தாம் மறுமணம் செய்யப்போவதாகத் தந்தை அவளை நம்பவைக்கிறார். அதையும் ஓரிரு 'உம்'களாலும் தலையசைப்பாலுமே செய்துவிடுகிறார். மனம் நொந்த மகள் தன் திருமணத்துக்கு இசைகிறாள். இருவரும் சேர்ந்து கடைசியாகக் கியோத்தோ செல்கிறார்கள்.

இரவு. விடுதி அறையில் விளக்கணைத்துப் படுத்திருக்கிறார்கள். மறுமணம் புரிந்த குடும்ப நண்பரைத் தூய்மையற்றவர் என்று முன்பு சொன்னதற்காக நொரிகோ வருந்துகிறாள். அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்கிறார் தந்தை. பிறகு, அவருடைய மறுமணமும் தனக்கு வெறுப்பாகவே இருந்தது என்று தொடங்குகிறாள். மறுமொழி இல்லை. திரும்பிப் பார்க்கிறாள், அவர் உறங்கிவிட்டார். மெல்லிய குறட்டை. அவள் முகத்தில் சிறு புன்னகை. அடுத்து ஒரு ஜாடி. அதன் பின்னே தாள் ஒட்டிய சாளரத்தில் இலைகளின் நிழல். மறுபடி அவள் முகம்: புன்னகை மறைந்து கண் கலங்கும் நிலை. மீண்டும் அதே ஜாடி.

பால் ஷ்ரேடர் 1972இல் எழுதிய நூலில் அந்த ஜாடியில் உணர்ச்சியைக் கடந்த நிலைபேற்றைக் கண்டார். நம் உணர்ச்சிகளை ஏந்திக்கொள்ளும் கலமாக அதைக் கண்டார் டொனால்ட் ரிச்சி. உள்ளுறையில் பழகிய நமக்கோ, பொருள் ஒன்று கண்ணில் பட்டால் உட்பொருள் உரைக்க நா துடிக்கும். நானும் அன்று, ஜாடியைத் தனிமையென்றும் கண்ணீரைப் பிரிவுத் துயரென்றும் உரைத்து அமர்ந்தேன்.

நான் கேட்கத் தவறியது அந்த முற்றுப்பெறாத பேச்சை. 'வெறுப்பாக இருந்தது' என்று இறந்தகாலத்தில் தொடங்கியவள், வெறுப்பு தணிந்துவிட்டதை அல்லவா சொல்ல வந்திருப்பாள்? மறுநாள் ஊர் திரும்பப் பெட்டி கட்டுகையில் படமே இதற்குச் சான்று தருகிறது. நீங்கள் மனைவியை அழைத்துவந்தாலும் உங்களோடு இப்படியே இருந்துவிடுகிறேன் என்று அவள் வாய்விட்டுக் கேட்கிறாள். தமக்கு 56 வயதாகிவிட்டது, உன் வாழ்வு இனிமேல்தான் தொடங்குகிறது என்று அவர் நெடுநேரம் பேசி அவளை இசையவைக்கிறார். மறுமணப் பேச்சு பொய்யென்பதை மட்டும் சொல்லவில்லை. அதை நாமே திருமணம் முடிந்த பிறகுதான் அறிகிறோம்.

ஆகவே முதன்முறை பார்க்கையில் நாமும் நொரிகோவின் அறியாமையில்தான் இருக்கிறோம். மறுமுறை பார்க்கும்போது அந்தக் குறட்டையொலியைத் தாங்க முடியவில்லை. அவர் செய்யாத குற்றத்தை அவள் மன்னிக்க முயல்கிறாள்; அதைக் கேட்கவேண்டியவர் உறங்குகிறார். விழித்திருந்தால் அந்தப் பொய்யை அவரால் காத்திருக்க முடியுமா? உண்மையில் உறங்கினாரா என்றுகூட ஐயுற்றேன். படம் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

செத்ஸுகோ ஹாராவின் முகத்தைப் பற்றி இவ்வளவு சொல்லத் துணிந்தேன். திருமணம் முடிந்து வெறும் வீட்டுக்குத் திரும்பும் தந்தை, சிஷூ ரியூ, பழம் ஒன்றின் தோலைச் சீவுகிறார். கை நின்றுவிடுகிறது, தலை கவிழ்கிறது. அப்போது அவர் என்ன நினைத்தார் என்று சொல்ல எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.