குடியாட்சியும் குழந்தைகளும்



சிறுவர்க்குக் குடியாட்சியின் அடிப்படைகளைக் கற்பிப்பது எவ்வாறு என்பது இன்றைய உரைப்பொருள். இலக்கிய மேடைக்கு இஃது அயலான பொருளன்று. பாவேந்தர் பாரதிதாசன் 1909 முதல் 37 ஆண்டுகள் பிரெஞ்சு ஆட்சிப் பகுதியின் பள்ளிகளில் தமிழாசிரியராகப் பணியாற்றினார்; சிறுவர்க்கெனப் பாடல்கள் எழுதினார்; 1955-இல் மக்களின் வாக்கைப் பெற்றுப் பிரதிநிதித்துவ சபையிலும் அமர்ந்தார். வகுப்பறையும் பாட்டும் சபையும் ஒருவரிடத்தே கூடிய ஊர் புதுவை.

பள்ளிகளில் குடிமையியல் பெரும்பாலும் மனப்பாடப் பாடமாகவே இருக்கிறது. குடியரசுத் தலைவரின் பதவிக்காலம் எத்தனை ஆண்டு என்ற வினாவுக்கு விடை எழுதியதும் பாடம் முடிந்துவிடுகிறது. எட்டு வயதுச் சிறுமிக்குத் தில்லி மிகத் தொலைவு. குழாயில் தண்ணீர் வராததும், தெருவிளக்கு எரியாததும், குப்பை வண்டி வந்து போவதும் அவள் அன்றாடம் காண்பவை. இவற்றை முடிவு செய்பவர் யார், அவரை அமர்த்தியவர் யார், மாற்ற வல்லவர் யார் என்னும் மூன்று வினாக்களே அவளுக்கு அரசியலின் அரிச்சுவடி.

தமிழகத்தில் இப்பாடம் வழக்கமாக உத்திரமேரூரில் தொடங்கும். முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகக் கூறுகின்றன. பெருமைக்குரிய சான்றுதான்; ஆயினும் முழுமையாகச் சொல்லப்பட வேண்டிய சான்று. அது பிராமணர் ஊர்ச் சபை. நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உடையோர் பெயர்களே குடத்தில் இடப்பட்டன. அந்நிலத்தை உழுதவர் பெயர் ஓலையில் ஏறவில்லை. அக்கல்வெட்டில் ஒரு குழந்தையும் உண்டு. குடத்திலிருந்து ஓலையை எடுக்க, ஏதும் அறியாத ஒரு சிறுவனை அமர்த்தினார்கள். அறியாமையே அவனுக்குத் தகுதியாயிற்று. இன்றைய குழந்தைக்கு அத்தகுதி போதாது. பதினெட்டு வயதில் அதன் கையில் வாக்குரிமை வந்து சேரும். அன்று அந்தக் கை எதற்காக நீள்கிறது என்பதை அறிந்திருக்க வேண்டும்.

புதுவைக் குழந்தைக்கு அதற்கான பாடம் அருகிலேயே இருக்கிறது. 1873-இல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை ஐரோப்பியரைப் போலக் காலணி அணிந்து நீதிமன்றம் சென்றபோது நீதிபதி தடுத்தார். அவர் பாரிசு வரை வழக்காடி வென்றார். சட்டத்தின் முன் சமத்துவம் என்னும் பெருஞ்சொல்லை ஒரு சோடிக் காலணியைக் கொண்டு விளக்கிவிடலாம்.

அடுத்த பாடம் கீழூர். 1954 அக்டோபர் 18 அன்று பிரதிநிதித்துவ சபையினரும் நகராட்சி உறுப்பினர்களுமாக 178 பேர் அங்கே கூடி வாக்களித்தார்கள். இந்தியாவுடன் இணைய 170 வாக்குகள், எதிராக 8. நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. அந்த 170 பேரைப் பற்றி எல்லா ஆசிரியரும் பேசுவர். எட்டுப் பேரைப் பற்றியும் பேச வேண்டும். அந்த எட்டு வாக்குகளும் எண்ணப்பட்டன, கணக்கில் எழுதப்பட்டன. தோற்ற தரப்பின் வாக்கையும் எண்ணி மதிப்பதே குடியாட்சி என்பதைக் குழந்தைக்கு உணர்த்த இதைவிட நல்ல கணக்கு வேண்டுவதில்லை.

மூன்றாம் பாடம் சற்றுக் கசப்பானது. கடற்கரைச் சாலையில் நிற்கும் 'மேரி' கட்டடத்தின் பெயருக்குப் பிரெஞ்சு மொழியில் நகரமன்றம் என்பது பொருள். இப்பகுதியில் நகராட்சிகள் 1880-இல் அமைந்தன. பழைய மேரி 2014 நவம்பரில் இடிந்து விழுந்தது. மீண்டும் எழுப்பப்பட்டு 2021-இல் திறக்கப்பட்டது. கட்டடம் மீண்டது; மன்றமோ மீளவில்லை. 1968-க்குப் பின் 38 ஆண்டுகள் கழித்து, 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அவ்வுறுப்பினர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தபின், 2024 முடிய மற்றொரு தேர்தல் நடைபெறவில்லை. இந்தியாவுடன் இணைவது பற்றிக் கீழூரில் வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் நகராட்சி உறுப்பினர்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மேரிக்குள் யார் இருக்கிறார்கள் என்று குழந்தை கேட்கும். மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் என்பது பாடநூல் தரும் விடை. அத்தனை ஆண்டுகளும் ஊர் தந்த விடை, அதிகாரிகள் என்பதே. ஆசிரியர் இரண்டையும் சொல்ல வேண்டும். ஏன் இந்த வேறுபாடு என்று அடுத்த வினாவைக் குழந்தை தானே கேட்குமாயின், பாடம் பயன் தந்துவிட்டது.

கேட்டறிந்தது பழக்கத்தில் வர வேண்டும். குமரி மாவட்டத்தில் தொடங்கிப் பரவிய குழந்தைகள் நாடாளுமன்றங்கள் அண்டை வீட்டுச் சிறுவர்களை ஒன்றுகூட்டி, தங்கள் தெருவின் குறைகளைத் தாங்களே பேசச் செய்தன. வகுப்பறையிலும் இது கூடும். வகுப்புத் தலைவனை ஆசிரியர் சுட்டிக் காட்டாமல், மறைவாக வாக்கெடுத்துத் தேர்ந்தெடுக்கலாம். வென்றவன் திங்கள்தோறும் வகுப்புக்குக் கணக்குச் சொல்லலாம், தோற்றவள் வினவலாம். ஒன்றில் மட்டும் விழிப்பு வேண்டும். பிள்ளைகள் வாக்களித்து முடிவெடுத்தபின் பெரியவர் அதனை மாற்றிவிட்டால், வாக்கு ஒரு விளையாட்டுப் பொருள் என்பதையே அவர்கள் கற்றுக்கொள்வர். அத்தகைய தேர்தலை நடத்துவதிலும் நடத்தாமலிருப்பது நன்று.

இதில் கவிஞர்களுக்கும் கடமை உண்டு. தமிழில் சிறுவர் பாடல்களுக்குக் குறைவில்லை. நிலாவும் யானையும் அணிலும் அவற்றில் அழகாக உலவுகின்றன. ஆனால் பிள்ளையை நோக்கிப் பேசும்போது பல பாடல்களின் குரல் கட்டளையாகிவிடுகிறது: சொல்வதைக் கேள், அடங்கி நில், எதிர்த்துப் பேசாதே. அடங்கி நிற்க மட்டுமே பழகிய நாவு நாளை மன்றத்தில் எழுந்து வினவாது. வினவும் குழந்தையையும், பொறுமையோடு விடை சொல்லும் பெரியவரையும் பாடலுக்குள் கொண்டுவர வேண்டும். வரிசையில் நின்று தன் முறைக்குக் காத்திருத்தல், மாற்றுக் கருத்தைக் கேட்டல், பொதுக் குழாயை அடைத்துவிட்டுப் போதல் ஆகிய இவையும் பாடுபொருள்களே. இனி வரும் ஆண்டுகளில் இவ்வட்டத்தின் கவிஞர்கள் அத்தகைய பாடல்களைப் புதுவைப் பிள்ளைகளுக்கு எழுதித் தருவார்களாக.