பரப்பளவும் பிழைப்பும்



மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் 2022 ஜூலையில் கார் உற்பத்தி நின்றது. அப்படி வேலை இழந்த ஒருவர், மாமல்லபுரம் கடற்கரை விடுதிகளில் தரைவிரிப்பு சுத்தம் செய்யும் தொழிலைத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு முதலில் கைகொடுப்பது நாம் நடத்தும் பரப்பளவுப் பாடம்தான்.

விரிப்பின் நீளம் 12 அடி, அகலம் 10 அடி. பரப்பு 120 சதுர அடி. சதுர அடிக்கு 8 ரூபாய் என்றால் 960 ரூபாய். இது வரவுதான், லாபம் அல்ல. சோப்புக் கரைசல், பெட்ரோல், உதவியாளர் கூலி, இயந்திரக் கடன் தவணை போக மிஞ்சுவதே லாபம். இந்தக் கழித்தலைச் செய்யாதவர்தான் கடனில் சிக்குகிறார்.

அடுத்தது அறிவியல். கடற்காற்றில் ஈரப்பதம் அதிகம். விரிப்பு மெதுவாகவே உலரும். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடித்து நாற்றமடிக்கும். ஆகவே தண்ணீரை நன்றாக உறிஞ்சி எடுக்க வேண்டும், மின்விசிறியும் வேண்டும்.

மானியக் கடனுக்கு மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம். அங்கே திட்ட அறிக்கை கேட்பார்கள். அதுவும் கணக்குதான்.

ஒரு வேண்டுகோள். "அப்பாவுக்கு என்ன வேலை?" என்று வகுப்பில் எல்லார் முன்னும் கேட்காதீர்கள். வேலை போன வீட்டுப் பிள்ளை தலைகுனிந்துவிடும். அதற்குப் பதிலாக இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதுங்கள். அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய் அப்பாவோடு சேர்ந்து போட்டுப் பார்க்கட்டும்.